பழைய கார் வாங்கியாச்சு, இனி என்ன செய்வது? பெங்களூருவில் முதல் மாதப் பராமரிப்புக்கு முழு வழிகாட்டி

பழைய கார் வாங்கிய கையோடு நிறையப் பேர் முதலில் ஓடுவது சீட் கவர் கடைக்கு. அடுத்தது பெரிய திரை வைத்த மியூசிக் சிஸ்டம். அதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். பிரேக் பேடும் டயரும் ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ கணக்கில் போய்விடும். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். வண்டி முதலில் ஒழுங்காக நிற்க வேண்டும், அப்புறம் ஒழுங்காக ஓட வேண்டும், அழகு கடைசி. பணமும் நேரமும் இந்த வரிசையில் செலவாகட்டும்.

இன்னொன்று. விற்றவர் சொன்ன பராமரிப்புக் கதை எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். “போன மாசம்தான் ஆயில் மாத்தினேன் சார்” என்பார். பில் இருந்தால் சரி. பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு வாங்கி, இன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் முதல் வரியில் எழுதுங்கள். இனிமேல் எல்லாக் கணக்கும் அந்த வரியிலிருந்துதான்.

கீழே இருப்பது ஐந்து முதல் பத்து வயதான பெட்ரோல், மேனுவல் கியர் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஐ10, ஐ20 மாதிரியான வண்டிகள். டீசலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

பேப்பர் வேலை

இதை வேகமாக முடித்துவிடலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கியாகிவிட்டதா பாருங்கள். லோன் இருந்த வண்டி என்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு, பெயர் மாறாதவரை உங்களுக்குக் கிடைக்காது. பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்திலும் பெங்களூரு போக்குவரத்துப் போலீஸ் தளத்திலும் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நம்மவர்கள் பலர் சேலத்திலோ கோவையிலோ சொந்தக்காரரிடம் டிஎன் நம்பர் வண்டியை வாங்கி ஓட்டிவருகிறார்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவெண் வாங்கியாக வேண்டும், இங்கே ஆயுள்கால வரியும் கட்ட வேண்டும். சல்லிசாக வருகிறது என்று ஊரிலிருந்து வாங்குமுன் அந்த வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

முதல் சனிக்கிழமை: எதையும் கழற்றாதீர்கள், பார்க்க மட்டும் செய்யுங்கள்

முந்தின இரவே வண்டிக்கு அடியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் துளி கதை சொல்லும். கறுப்பு அல்லது பழுப்பு என்றால் இன்ஜின் ஆயிலாகவோ கியர் ஆயிலாகவோ இருக்கும். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறமாக இருந்தால் கூலன்ட். சக்கரத்தை ஒட்டி நிறமில்லாமலோ லேசான மஞ்சளாகவோ பிசுபிசுத்தால் பிரேக் ஆயில். அப்படியானால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். ஏசி போட்டு ஓட்டி வந்த பிறகு சொட்டுவது வெறும் தண்ணீர்தான், பயப்பட ஒன்றுமில்லை.

இன்ஜின் ஆறியிருக்கும்போதே கிளப்பி, பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை பெங்களூருவின் டிசம்பர் காலையில் கொஞ்ச நேரம் வருவது சகஜம். இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது என்று சந்தேகப்படுங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது.

அடுத்து ஓபிடி ஸ்கேனர். சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகி, போனில் ஒரு செயலியைப் போட்டால் இன்ஜின் கணினி சேமித்து வைத்திருக்கும் பிழைக் குறியீடுகள் தெரியும். பி0300 என்றால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை), பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. பிழை ஒன்றுமே இல்லை என்று காட்டினாலும் உடனே சந்தோஷப்படாதீர்கள். அதே செயலியில் ‘ரெடினஸ் மானிட்டர்’ என்ற பக்கத்தைப் பாருங்கள். அங்கே பல வரிகள் ‘முடியவில்லை’ என்று இருந்தால், சமீபத்தில் யாரோ பிழைகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், எமலூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் எத்தனையோ கார்கள் மூழ்கின. அவையும் பிறகு கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரத்தான் செய்யும். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி அரை அடியில் சேற்றுக் கோடு இருந்தால் விஷயம் தெரிந்துவிடும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், கார்ப்பெட்டுக்கு அடியில் புழுங்கல் நாற்றம், இவையும் அதே கதைதான்.

கிளட்ச் பார்க்க, திறந்த இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்தால் நல்லது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. சில்க் போர்டு, ஹெப்பாள் நெரிசலில் வருடக்கணக்கில் ஊர்ந்த வண்டியில் கிளட்ச் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியமில்லை. இந்தச் சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம், அதுவே பிளேட்டைத் தேய்க்கும்.

கடைசியாக, வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்க உங்கள் இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்று கண்டுபிடியுங்கள். ஆல்டோ 800, ஐ10-இன் 1.1 லிட்டர் இன்ஜின் இவற்றில் பெல்ட். ஐ10-இன் 1.2 லிட்டர் கப்பா இன்ஜினில் செயின். பெல்ட் என்றால் அதற்கு ஆயுள் உண்டு, எத்தனை கிலோமீட்டர் என்று கையேட்டில் இருக்கும். அது முன்னறிவிப்பே இல்லாமல் அறும். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, பெரிய செலவாகிவிடும். மாற்றியதற்கு பில் இல்லாவிட்டால் உடனே மாற்றுங்கள். இதில் மட்டும் பேரமே பேசாதீர்கள்.

கருவியும் பாகமும் வாங்குவது

தேவையானவை: 8 முதல் 19 எம்எம் வரை சாக்கெட் செட், டார்க் ரென்ச் (சொன்ன அளவு பலத்தில் மட்டும் முறுக்க உதவும் ஸ்பேனர்), நல்ல ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அடைப்பு வைக்க இரண்டு கட்டை, மல்டிமீட்டர், டயர் கேஜ், ஆயில் பிடிக்கப் பழைய டப். ஜாக் ஸ்டாண்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஜாக் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது, அழுத்தம் தாங்காமல் திடீரென்று நொறுங்கும்.

பாகங்களுக்கு டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் ஜேசி ரோடுதான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். ஆர்சியின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். ‘ஸ்விஃப்ட்டுக்கு பேட் குடுங்கண்ணா’ என்று கேட்டால் எந்த வருட ஸ்விஃப்ட் என்ற கேள்வி வரும். சேசிஸ் எண்ணை வைத்துப் பார்ட் நம்பரைக் கண்டுபிடித்துக் கேட்பதுதான் சரி. கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

கம்பெனிப் பெட்டியில் வருவது ஒன்று, கம்பெனிக்கே செய்து தருபவர் தன் பெயரில் விற்பது இன்னொன்று, லோக்கல் மூன்றாவது. நடுவில் உள்ளதுதான் என் தேர்வு. ஃபில்டருக்கும் பிளக்குக்கும் பாஷ், டென்சோ, என்ஜிகே. பிரேக்குக்குச் சென்னை பாடியின் பிரேக்ஸ் இந்தியா செய்யும் டிவிஎஸ் கர்லிங், அல்லது ரானே. ரேடியேட்டர் மூடி போன்ற சின்னச் சாமானையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். நம் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிய கம்பெனி. அந்த மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரம் கொதித்துவிடும்.

பிரேக்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர் ரோட்டில் கிளம்பி, கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டிச் சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக்கை மட்டுமே மிதித்து அந்த இறக்கத்தில் இறங்கினால் பேடும் டிஸ்க்கும் சூடேறி, பிடிப்பு குறையும். பழைய பிரேக் ஆயில் இருந்தால் நிலைமை மோசம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கும். இறக்கத்தில் சூடேறும்போது உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் தரைவரை போகும். அதனால்தான் நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது, ஆகவே இப்போதே மாற்றுங்கள். டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது ரிசர்வாயர் மூடியிலேயே பொறித்திருக்கும். ஆயில் மாற்றிக் காற்று எடுக்கும் வேலையை, குறிப்பாக ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள வண்டியில், மெக்கானிக்கிடமே கொடுங்கள். முன் பேட் மாற்றுவதை நிதானமானவர் எவரும் வீட்டிலேயே செய்யலாம். முதல் முறை மட்டும் செய்து பழகிய ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். பிறகு கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். ஸ்டாண்டு ஏமாற்றினாலும் அது தாங்கும்.

இப்போது காலிப்பர் (பேடைப் பிடித்து டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) தெரியும். பேடின் உராயும் பகுதி 3 எம்எம் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகிப்போயிருக்கிறது. புதுப் பேட் மட்டும் போட்டால் அதுவும் அப்படியே தேயும். காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் காலிப்பர் கதவு போல மேலே திறக்கும். முழுதாகக் கழற்ற வேண்டியிருந்தால் ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவே கூடாது. பழைய பேடை எடுத்து, அதையே பிஸ்டன்மேல் வைத்து, சி-கிளாம்ப் கொண்டு பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அப்போது மேலே ரிசர்வாயரில் ஆயில் ஏறும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும், பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஸ்லைடு பின்களைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கும் மாற்ற வேண்டும். பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் அடித்துக் கழுவுங்கள்.

புதுப் பேடைப் பொருத்தி, போல்ட்டைக் கையேட்டில் சொன்ன டார்க்கில் முறுக்கி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கிவிட்டு, நட்டுகளை எதிரெதிராக டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே பேட் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும். அப்புறம், வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை விட்டால் முதல் மிதிக்குப் பிரேக்கே இருக்காது, நேராக அப்பார்ட்மென்ட் தூணில்தான் போய் நிற்பீர்கள். பிறகு காலியான ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகக் குறைத்து, நடுநடுவே ஆறவிட்டு, சில முறை ஓட்டினால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகிவிடும்.

டயர்

டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயர் ரோட்டில் படும் கட்டைகள்) நன்றாக இருந்தாலும் ஆறு வயது தாண்டி, பக்கவாட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் விடைகொடுங்கள். பள்ளங்களுக்கு நடுவே பட்டன் மட்டத்துக்கு வந்துவிட்ட சிறு மேடு 1.6 எம்எம் எல்லையைக் காட்டும்; மழைக்கு அதுவரை காத்திருக்காதீர்கள். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள்.

ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு, அல்லது சஸ்பென்ஷன் புஷ் (மூட்டுகளில் உள்ள ரப்பர்) போயிருக்கிறது. இந்த ஊர் ஹம்புகளில் லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் சீக்கிரம் விடைபெறும். மெதுவாக ஹம்ப் ஏறும்போது ‘டக் டக்’ என்று கேட்டால் முதலில் லிங்க் ராடைச் சந்தேகப்படுங்கள். புஷ் வேலை முடித்த பிறகே அலைன்மென்ட் செய்யுங்கள், முன்னால் செய்தால் காசு தண்டம். காற்று எவ்வளவு என்று டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாகுமுன் பாருங்கள்.

ஆயில், கூலன்ட்

ஆயில் எந்தத் தரம் என்று கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். சின்ன பெட்ரோல் இன்ஜினுக்குச் சுமார் மூன்று லிட்டர் பிடிக்கும். கெட்டியான ஆயில் நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

1. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி, வெதுவெதுப்பானதும் அணையுங்கள். கொதிக்கும் சூட்டில் வேண்டாம்.
2. முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, டப்பை வைத்து, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுங்கள். சொட்டு நிற்கும்வரை விடுங்கள்.
3. போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்குங்கள். சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) அலுமினியம் என்றால் முரட்டு பலம் மரையைக் கெடுத்துவிடும்.
4. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் மட்டும் முறுக்குங்கள். வளையம் ஒட்டிய பிறகு முக்கால் சுற்று போதும். பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
5. அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து, வண்டியை இறக்கிய பிறகு டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். டப்பாவில் அடைத்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரி இருந்தால் பதறாமல் கூலன்ட் மட்டத்தைக் கவனியுங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால் குறைந்த தூரமே ஓடிய வண்டியில் தேங்கிய ஈரமாக இருக்கலாம். இறங்குகிறது என்றால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல், கீழ்ப் பகுதிகளுக்கு நடுவே உள்ள அடைப்பு) போயிருக்கலாம்.

கூலன்ட் டப்பாவில் வெறும் தண்ணீர் மாதிரி தெரிந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இந்த ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படியும். முழுதாக வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, கையேடு சொல்லும் வகை கூலன்ட்டை ஊற்றுங்கள். ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே. அடர்த்தியானது என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

பேட்டரி, எலி, மற்ற சில்லறை வேலைகள்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியை, நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, சுடுதண்ணீரில் சோடா உப்பு கரைத்துத் துடையுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால் எலி நிச்சயம் வரும். வயரின் உறையைக் கடித்தால் தேடிக் கண்டுபிடிக்கவே மெக்கானிக்குக்கு ஒரு நாள் போகும். பானெட்டுக்குள் புகையிலை கட்டித் தொங்கவிடுவோர் உண்டு. எனக்கு அதைவிட அடிக்கடி பானெட் திறந்து பார்ப்பதிலும், காருக்குள் முறுக்குப் பொட்டலம் விடாமல் இருப்பதிலும்தான் நம்பிக்கை.

மரத்தடியில் நிறுத்துபவர்கள் வைப்பருக்குக் கீழே, கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே உள்ள கவுல் ஓரத்தைப் பாருங்கள். தூங்குமூஞ்சி மர இலையும் பிப்ரவரி, மார்ச்சில் கொட்டும் டபேபுயா பூவும் அங்கே சேர்ந்து, வடிகால் துளையை அடைத்துவிடும். மே மாதத்து முதல் பெருமழையில் தண்ணீர் உள்ளே இறங்கிக் கார்ப்பெட் நனையும். கையால் அள்ளி எடுத்தாலே போதும். அதே நேரத்தில் ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரைப் பல உரிமையாளர்கள் பார்த்ததே இல்லை. வைப்பர் பிளேடும் புதிது.

கழுவுவதற்குப் போர்வெல் அல்லது மறுசுழற்சித் தண்ணீர். 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

டைமிங் பெல்ட், கிளட்ச், பிரேக் ஆயில், ஏசி கேஸ், ஸ்டியரிங், ஏர்பேக் விளக்கு. ஏர்பேக் வயரிங்கில் நீங்களாகக் கை வைக்கவே வேண்டாம். கொடுக்கும்போது ‘ஜெனரல் சர்வீஸ்’ என்று சொல்லாமல் வேலைகளைத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லிவிடுங்கள். ‘இன்ஜின் ஃப்ளஷ்’, ‘டீகார்பன்’ என்று பட்டியல் நீண்டால், ‘என்ன அறிகுறி பார்த்தீங்கண்ணா?’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் செய்யலாம்.

முதல் நெடும்பயணம்

நகருக்குள் ஒரு வாரம் ஓட்டி, கசிவு ஏதும் இல்லை என்று உறுதியான பிறகு கிளம்புங்கள். பகலில் கிளம்புவது நல்லது. கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தும்போது ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறதா, வண்டிக்கடியில் புதிய துளி உண்டா என்றும் பாருங்கள். தொப்பூரில் இறங்குமுன்னாலேயே கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். ஊர் போய் இன்ஜின் ஆறிய பிறகு ஆயிலையும் கூலன்ட்டையும் ஒருமுறை பார்த்து, கிலோமீட்டரோடு நோட்டில் எழுதுங்கள். மட்டம் எதுவும் இறங்கவில்லை என்றால், திரும்பி வந்து தாராளமாக சீட் கவர் கடைக்குப் போகலாம்.